மடிப்பாக்கத்தில் நாயை நடைக்கு அழைத்துச் செல்ல நம்பகமான ஆள் வேண்டும்: எப்படித் தேடுவது, எதைக் கேட்பது?

ஏரிக்கரைத் தெரு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மடிப்பாக்கத்தில் தனி வீட்டில் இருக்கிறோம். மூன்று வயது லேப்ரடார், பெயர் மணி, 32 கிலோ. போன ஞாயிறு காலை பிள்ளையார் கோயில் முனையில் நான்கு தெருநாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன. மணி ஒரே பாய்ச்சல். நான் குப்புற விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கணவருக்கு ஒரகடத்தில் வேலை. விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறினால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். மகள் பிடித்தால் அவளை மணி இழுத்துக்கொண்டு போய்விடுவான். மணி வீட்டுக்குள் அசுத்தம் செய்யவே மாட்டான். மூன்று நாளாக இரவு வரை அடக்கிக்கொண்டு வாசற்கதவை முகர்ந்தபடி படுத்துக் கிடக்கிறான். எனக்கு வலியைவிட அதைப் பார்ப்பதுதான் தாங்கவில்லை.

காலை, மாலை இரு வேளையும் அழைத்துப் போக ஆள் வேண்டும். வீட்டுக்கு வரும் ஆளை எப்படி நம்புவது? எதைக் கேட்க வேண்டும்? மேடவாக்கம் சாலைப் பக்கம் மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்திருப்பதால் உள்தெருக்கள்தான் வழி. உள்தெரு என்றால் தெருநாய்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காலைநடை

அக்கா, முதலில் கை குணமாகட்டும்.

செயலிகளிலும் விளம்பரங்களிலும் தேடுவதற்கு முன் உங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். காலை முதல் இரவு வரை ஒரே இடத்தில் நிற்பவர் அவர். யார் நாயை எப்படிப் பிடித்துப் போகிறார், யார் போகும் வழியில் கைபேசியைப் பார்க்கிறார், யார் நாயை மரத்தில் கட்டிவிட்டு டீ குடிக்கிறார் எல்லாம் அவருக்குத் தெரியும். நான் புழுதிவாக்கத்தில் ஆள் கண்டுபிடித்தது அப்படித்தான். அடுத்ததாக, மணிக்குத் தடுப்பூசி போடும் மருத்துவமனையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் உதவியாளரிடம் கேளுங்கள். நாயை அடக்கிப் பிடிக்கத் தெரிந்த பையன்கள் அவர்களுக்குப் பழக்கம்.

ஆள் கிடைத்ததும் அன்றைக்கே சங்கிலியைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். முதல் மூன்று நாள் நீங்களும் கூடவே நடங்கள். வீட்டுச் சாவியை முதல் மாதம் தரவே வேண்டாம். வாசலில் ஒப்படைத்து வாசலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிப்பியின் வீடு

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். யாருக்காவது உதவட்டும்.

போன வருடம் ஓர் இளைஞரை அமர்த்தினோம். மாதம் 3,500 ரூபாய், காலை நாற்பது நிமிடம். எங்கள் சிப்பிப்பாறை திரும்பி வரும்போது நாக்கு தொங்கும், வந்ததும் தரையில் சரிந்துவிடும். "நன்றாக ஓடினான் சார்" என்பார். ஓடப் பிறந்த நாய்தானே என்று நாங்களும் மகிழ்ந்தோம். மூன்றாவது வாரம் நடையில் ஒரு தயக்கம் தெரிந்தது. காலைத் தூக்கிப் பார்த்தேன். நான்கு பாதங்களிலும் அடித்தோல் உரிந்து சிவப்புச் சதை தெரிந்தது. முன்கால் நகங்கள் தார் ரோட்டில் தேய்ந்து தட்டையாக இருந்தன.

எதிர்வீட்டு அம்மா சொன்னபிறகுதான் தெரிந்தது. ஸ்கூட்டரின் பின்கம்பியில் சங்கிலியைக் கட்டி ஓட விட்டிருக்கிறார். பன்னிரண்டு நிமிடத்தில் முடித்து அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார். அடுத்த நாயையும் அப்படித்தான்.

வண்டியில் கட்டப்பட்ட நாய்க்கு நிற்க விருப்பம் என்று ஒன்று கிடையாது. ஒரு பூனை குறுக்கே வந்தால் போதும், நாயும் போகும், ஓட்டுபவரும் போவார். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "நடந்து போவீர்களா, வண்டியிலா?" இரண்டாவது: "எங்களுக்கு முன்னும் பின்னும் எத்தனை வீடு?" அந்த எண்ணையும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். வாரம் ஒரு முறை நாயின் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

ஏரிக்கரைத் தெரு

படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. இப்போது அவன் எப்படி இருக்கிறான்?

சிப்பியின் வீடு

நன்றாக இருக்கிறான் சகோதரி. தோல் வளர இரண்டு மாதம் ஆனது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மட்டும் இன்றும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்

கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது கோடை தொடங்குவதால் மூன்று விஷயங்கள்.

காலை நடை ஏழு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். மாலையில் சூரியன் மறைந்ததும் கிளம்பாதீர்கள். பகல் முழுவதும் குடித்த சூட்டைத் தார் ரோடு ஏழரை மணி வரை வெளியே விடும். புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு எண்ணுங்கள். வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயாலும் நடக்க முடியாது. வருகிற ஆளுக்கும் இதைச் செய்து காட்டுங்கள். வெறும் வாயால் சொன்னால் மறந்துவிடும்.

வாய்மூடி பற்றி. பொது இடத்தில் சங்கிலியும் வாய்மூடியும் வேண்டும் என்கிறது மாநகராட்சி. கடைக்காரர் பெரும்பாலும் வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டையைத்தான் எடுத்துக் கொடுப்பார். அதைப் போட்டு வெயிலில் நடத்துவது ஆபத்து. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கூடை போன்ற வாய்மூடி வாங்குங்கள். உள்ளே வாய் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்க வேண்டும். பக், ஷிட்சூ போன்ற தட்டை முகத்து நாய்களுக்கு வெயில் இன்னும் கொடியது.

சூடு தாக்கிவிட்டால் எச்சில் கெட்டியாகும், ஈறு அடர்சிவப்பாகும், நடை தள்ளாடும். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 106-ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. நிழலுக்குத் தூக்கிப் போய் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். சூட்டைக் குறைக்கத் தொடங்கிவிட்டுப் பிறகு ஆட்டோ கூப்பிடுங்கள்.

மூன்றாவது உண்ணி. நடந்து வந்ததும் காதின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். இங்கே உண்ணிக் காய்ச்சல் பல நாய்களைக் கொண்டுபோயிருக்கிறது.

இரண்டு பிள்ளைகளின் அப்பா

நான் நாய் வளர்ப்பவன் இல்லை. கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆனால் இதையும் இந்த இழையில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் வாக்கிங் ஆள் ஒருவர் ஒரே நேரத்தில் நான்கு நாய்களைப் பிடித்து வருகிறார். போன மாதம் மாடிப்படித் திருப்பத்தில் என் ஏழு வயது மகள் எதிரே வந்துவிட்டாள். ஒன்று குரைக்க நான்கும் பாய்ந்தன. கடிக்கவில்லை. ஆனால் அவள் இப்போது தனியாகக் கீழே இறங்குவதில்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்த செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் வளர்ப்பு நாய் கடித்து ஒருவர் உயிரே போனது.

நாயை அலட்சியமாக வைத்திருந்து ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. சங்கிலி கூலி ஆள் கையில் இருந்தது என்று வளர்ப்பவர் ஒதுங்கிக்கொள்ளலாமா? ஆள் தேடுகிறவர்கள் தயவுசெய்து ஒரு நேரத்தில் ஒரு நாய் என்று பேசி முடியுங்கள். குழந்தைகளைக் கண்டால் நிறுத்தி, ஓரமாக உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

காலைநடை

ஐயா சொல்வது முழுக்க நியாயம். ஒரு நேரத்தில் ஒரு நாய் என்றால் கூலி கூடும். அதைக் கொடுக்க வேண்டியதுதான். குறைந்த கூலிக்கு ஆள் தேடுவதால்தான் அவர்கள் நான்கு நாய்களைப் பிடிக்கிறார்கள்.

வெள்ளைவால்

எங்களிடம் இருப்பது ராஜபாளையம். பிறவியிலேயே காது கேட்காது. வெள்ளை நிற ராஜபாளையம் குட்டிகளில் இது வருவதுண்டு. லாரி ஹாரன் கேட்காத நாயை மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் பிறர் கையில் கொடுப்பது எப்படி என்று ஒரு வருடம் தவித்தோம்.

செய்தது இதுதான். ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு, ஒரு வாரம் நாயை வெளியே அனுப்பவே இல்லை. அவர் தினமும் வந்து மொட்டை மாடியில் அரை மணி நேரம் இருப்பார். விரித்த உள்ளங்கை என்றால் நில். தொடையில் தட்டினால் திரும்பு. பின்னாலிருந்து தொடவே கூடாது. தரையைக் காலால் உதைத்தால் அதிர்வில் திரும்பிப் பார்ப்பான். எட்டாம் நாள் தெருவுக்குப் போனார்கள். காது கேட்கும் நாய்க்கும் அந்த ஒரு வாரம் வீணாகாது.

இரவு ஒன்பது மணி

நான் மடிப்பாக்கத்தில் தெருநாய்களுக்கு உணவிடுபவள். நீங்கள் சொன்ன பிள்ளையார் கோயில் முனை நாய்கள் எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். தேன் நிறத்தில் ஒன்று, கறுப்பில் இரண்டு, வால் அறுந்த செவலை ஒன்று. சரியா?

ஏரிக்கரைத் தெரு

ஆமாம்! அந்த வால் இல்லாத செவலைதான் முன்னால் வந்தது.

இரவு ஒன்பது மணி

அவள் பெண் நாய். இன்னும் கருத்தடை ஆகவில்லை. மற்ற மூன்றின் காதிலும் வெட்டு இருக்கும், பாருங்கள். கருத்தடையும் தடுப்பூசியும் ஆனதற்கு அடையாளம் அது. செவலை பெட்டிக்கடைக்குப் பின்னால் ஆறு குட்டிகள் போட்டிருக்கிறாள். உங்கள் மணி அந்தச் சுவரை முகர்ந்துகொண்டு வந்திருப்பான். அவள் தாக்க வரவில்லை, விரட்ட வந்தாள்.

குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகும் வரை அந்த முனையை விட்டுவிடுங்கள். பால் பூத் தெரு வழியாகப் போனால் அங்கே இரண்டு கிழட்டு நாய்கள்தான், எழுந்திருக்கவே மாட்டா. மாநகராட்சிக்கு 1913 என்ற உதவி எண்ணில் சொல்லி வைத்திருக்கிறேன். குட்டிகள் பால் மறந்ததும் அவளைப் பிடித்துப் போவார்கள். 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை முடிந்து அதே இடத்தில்தான் விடுவார்கள், ஆனால் இந்த ஆவேசம் இருக்காது.

தெருநாய்க்குக் கம்பை ஓங்காதீர்கள். மாதம் முழுக்க அந்தக் கம்பை நினைவு வைத்திருக்கும், கம்பு இல்லாத நாளில் கணக்குத் தீர்க்கும். ஓடவும் கூடாது. உங்கள் நாயை உடம்புக்கு மறுபக்கம் மாற்றிக்கொண்டு, அவற்றின் கண்ணைப் பார்க்காமல், வந்த வழியே பக்கவாட்டில் நடந்து விலகுங்கள். சட்டைப்பையில் நான்கு பிஸ்கட் இருந்தால் நீங்கள் போகும் திசைக்கு மறுபக்கம் எறிந்துவிட்டுப் போகலாம்.

சங்கிலி பிடிப்பவன்

வணக்கம். இந்த வேலையைச் செய்பவன் நான். கோவிலம்பாக்கத்தில் இருக்கிறேன், ஆறு வருடமாகிறது. அதற்கு முன் கூரியர் வேலை. காலை ஐந்து முதல் எட்டு வரை நான்கு நாய், மாலை ஏழு முதல் மூன்று நாய். ஒவ்வொன்றாகத்தான், நடந்துதான். இப்போது புது வீடு எடுக்க எனக்கு நேரமில்லை, அதனால் வேலை கேட்டு எழுதவில்லை.

அம்மா, ஒன்று கேட்கலாமா? விழுந்த அன்று சங்கிலியை மணிக்கட்டில் சுற்றியிருந்தீர்களா?

ஏரிக்கரைத் தெரு

ஆமாம் தம்பி. இரண்டு சுற்று. விட்டுவிடக் கூடாது என்பதற்காக எப்போதும் அப்படித்தான் பிடிப்பேன்.

சங்கிலி பிடிப்பவன்

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். 32 கிலோ பாயும்போது சுற்றிய கையை விடுவிக்க முடியாது. கை முன்னால் போகும், உடம்பும் அதன் பின்னாலேயே போய் விழும்.

பிடிக்கும் விதத்தைச் சொல்கிறேன். கயிற்றின் நுனி வளையத்துக்குள் கட்டைவிரலை மட்டும் நுழையுங்கள். மீதியை உள்ளங்கையில் மடித்து மூடிக்கொள்ளுங்கள். அந்தக் கை தொப்புளுக்கு நேராக, முழங்கை விலாவை ஒட்டி இருக்க வேண்டும். மற்றொரு கை ஒரு முழம் கீழே கயிற்றைத் தளர்வாகப் பிடித்திருக்கட்டும். நாய் பாய்ந்தால் பின்னால் சாயாதீர்கள். ஒரு காலைப் பக்கவாட்டில் வைத்து முழங்காலை மடக்கி நில்லுங்கள். இடுப்புதான் இழுப்பைத் தாங்க வேண்டும், மணிக்கட்டு அல்ல. இரும்புச் சங்கிலி வேண்டாம், கையை அறுக்கும். ஆறடி நூல் கயிறு போதும். நீண்டு சுருங்கும் கயிறும் வேண்டாம்.

மணிக்கு நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) வாங்குங்கள். முதுகில் வளையம் இருந்தால் மாடு வண்டி இழுப்பது போல இழுப்பான். நெஞ்சில் இருந்தால் இழுக்கும்போது உடம்பு நம் பக்கம் திரும்பிவிடும். கழுத்துப்பட்டை உள்ளே இரண்டு விரல் நுழையும் அளவு. மூன்று விரல் நுழைந்தால் பட்டாசு வெடிக்கும் நாளில் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரம் நான் ஹார்னஸுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று என இரண்டு கயிறு போடுகிறேன்.

மழைக்காலத்துக்கு ஒன்று. தெருவோர மின் பெட்டியில் காலைத் தூக்காத ஆண் நாய் கிடையாது. தண்ணீர் தேங்கியிருந்தால் அந்தப் பெட்டிக்குப் பத்தடி தூரத்தில்கூட நான் போக மாட்டேன். தேங்கிய நீருக்குள் திறந்த மூடி இருக்கும், எலிக் காய்ச்சலும் வரும். அந்த நாட்களில் "ஐந்து நிமிடம்தான் கூட்டிப் போனேன்" என்றால் சில வீடுகளில் கூலியைப் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்தால் அடுத்த மழைக்கு ஆள் தண்ணீரில் இறங்கித்தான் தீருவான்.

ஆள் எடுப்பவர்களிடம் என் வேண்டுகோள். நீங்கள் எங்களிடம் ஆதார் நகல் கேட்கிறீர்கள், கொடுக்கிறோம். நீங்களும் நாயின் தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள். முன்பு யாரையாவது கடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வீட்டில் "கடிக்கவே மாட்டான்" என்று கொடுத்தார்கள். நான்காம் நாள் தொடையில் கடி. குழாயடியில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினேன், அரசு மருத்துவமனையில் இலவசமாக ஊசி போட்டார்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று வரிசையில் நின்றதில் காலை வீடுகள் இரண்டு போய்விட்டன. நாயின் வீட்டார் நாய்க்குக் காயமா என்று கேட்டார்கள். என்னைக் கேட்கவில்லை.

நீங்கள் ஊருக்குப் போகும் பத்து நாளும் எங்களுக்கு வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதில் பாதியாவது பேசிக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்

தம்பி எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஒன்று சேர்க்கிறேன். நாய்களோடு புழங்கும் வேலை செய்பவர்களுக்கு, கடி படும் முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டு வைக்கலாம். தொடங்கும் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள் என மூன்று ஊசி. அதன் பிறகு கடி பட்டாலும் கழுவுவதையும் மருத்துவமனைக்குப் போவதையும் விடக் கூடாது, ஆனால் ஊசிகள் குறையும். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் வைத்தியம் இல்லை. செலவை வீட்டுக்காரர் ஏற்பதுதான் முறை.

இரண்டு பிள்ளைகளின் அப்பா

சங்கிலி பிடிக்கும் தம்பிக்கு: எங்கள் குடியிருப்புக்கு வரும் ஆளிடம் நேற்று நின்று பேசினேன். அவரை இதுவரை அந்த நான்கு நாய்களோடு சேர்த்துத்தான் பார்த்திருக்கிறேன். நாய்க்கு 900 ரூபாய்தான் தருகிறார்களாம். சங்கக் கூட்டத்தில் பேசப் போகிறேன்.

காலைநடை

அக்கா, மணிக்கு மாநகராட்சி உரிமம் எடுத்தாயிற்றா? கட்டணம் 50 ரூபாய்தான். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்திருக்கிறது. தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள மைக்ரோ சிப்பும் போட்டுவிடுங்கள். பிறர் கையிலிருந்து நாய் தப்பினால் திரும்பக் கிடைக்க அதுதான் வழி.

ஏரிக்கரைத் தெரு

உரிமமும் சிப்பும் டிசம்பரிலேயே ஆகிவிட்டன. எல்லோருக்கும் ஒன்பது நாள் கழித்து நல்ல செய்தியோடு வந்திருக்கிறேன்.

இஸ்திரிக்காரர் கைகாட்டியது ஆண் ஒருவரை அல்ல, எங்கள் தெருவில் விடியற்காலை பால் பாக்கெட் போடும் அம்மாவை. அவர் வீட்டில் கோம்பை நாய் வளர்ந்ததாம். முதல் நாள் வந்ததும் மணியின் பக்கமே திரும்பவில்லை. படியில் உட்கார்ந்து என் கையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். மணி தானாகப் போய் அவர் புடவை முந்தானையை முகர்ந்தான். பால் வாசனையாக இருக்கும். அதன் பிறகுதான் கையை நீட்டினார், அதுவும் புறங்கையை.

ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம், மாதம் 5,000 ரூபாய், மழை நாளுக்குப் பிடித்தம் இல்லை, நாங்கள் ஊருக்குப் போனால் பாதி. எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். மணி ஒரு முறை கேஸ் சிலிண்டர் போடும் பையனின் காற்சட்டையைப் பிடித்துக் கிழித்ததையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது போய்விடுவாரோ என்று பயந்தேன். "சிலிண்டர் சத்தமா, ஆளா?" என்று மட்டும் கேட்டார்.

கயிறு பிடிக்கும் விதத்தைத் தம்பியின் பதிவை வாசித்துக் காட்டி மூவரும் திண்ணையில் பழகினோம். மகள்தான் நாயாக இருந்து இழுத்தாள். மூன்று நாளாக மாவுக்கட்டோடு நானும் பின்னால் நடக்கிறேன், பால் பூத் தெரு வழியாக. நேற்று தூரத்தில் செவலை குட்டிகளோடு நின்றாள். மணி காதை நிமிர்த்தினான். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் அவனைச் சுவர்ப் பக்கம் மாற்றிக்கொண்டு திரும்பினார். கயிறு கடைசி வரை தொய்வாகவே இருந்தது.

அந்த அம்மாவுக்கு முதல் ரேபிஸ் ஊசி வியாழக்கிழமை போட்டாயிற்று. இரண்டாவது வரும் வியாழன். மூன்றாவதும் முடிகிற வரை நானும் கூட நடப்பதாகப் பேச்சு.

இரவு ஒன்பது மணி

நேற்று உங்கள் மூவரையும் பார்த்தேன். செவலை ஓர் அடிகூட முன்னால் வரவில்லை. குட்டிகளில் இரண்டுக்கு வீடு கிடைத்துவிட்டது. நான்கு மிச்சம் இருக்கின்றன, யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள்.